ஸ்விட்ச் என்ன சொன்னது?

நான் நெட்வொர்க் வேலைக்கு வந்த காலத்தில் ஸ்விட்சிடம் வேலை வாங்க ஒரே வழிதான் இருந்தது. கன்சோல் கேபிளைச் செருகியோ எஸ்எஸ்ஹெச் வழியாகவோ உள்ளே நுழைந்து, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். நூறு ஸ்விட்சில் ஒரு விலானைச் சேர்க்க வேண்டுமென்றால் நூறு முறை உள்ளே போய் வர வேண்டும். அலுத்துப்போனவர்கள் ஸ்கிரிப்ட் எழுதினார்கள். கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல அது நடிக்கும். பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்கும். திரை நிரம்பி நின்றால் ஸ்பேஸ் பாரைத் தட்டும். வரியின் முடிவில் # வந்தால் அடுத்த கட்டளையை அனுப்பும். ஸ்விட்சின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு, திரையில் வரும் அட்டவணையில் ஒரு பத்தி நாலு எழுத்து தள்ளிப் போயிருந்தால் போதும், ஸ்கிரிப்ட் மொத்தமும் படுத்துவிடும்.

உலகம் முழுவதும் இதே பாடுதான். 2002-இல் இணையக் கட்டமைப்பு வாரியம், நெட்வொர்க்கை நடத்துகிறவர்களையும் நெறிமுறைகளை எழுதுகிறவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசியது. அந்தப் பேச்சின் சாரம் 2003-இல் ஆர்எஃப்சி 3535 என்ற ஆவணமாக வெளிவந்தது. எஸ்என்எம்பி என்ற நெறிமுறை கண்காணிப்புக்கு உதவுகிறது, ஆனால் அதை வைத்து அமைப்புகளை மாற்றுகிறவர்கள் குறைவு என்ற உண்மை அதில் பதிவானது. நாங்கள் எழுதிக் கொடுக்கும் அமைப்பையும் கருவி தானாக அறிந்துகொள்ளும் நிலையையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுங்கள் என்ற கோரிக்கையும் பதிவானது. அதைத் தொடர்ந்து உருவானதுதான் நெட்கான்ஃப் என்ற நெறிமுறை. 2006-இல் முதல் வடிவம். 2011-இல் ஆர்எஃப்சி 6241 என்ற திருத்திய வடிவம். தகவல் எந்த உருவில் இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் யாங் மொழி 2010-இல் வந்தது. அதே தகவலை ஹெச்டிடிபி வழியாகக் கேட்டுப் பெறும் ரெஸ்ட்கான்ஃப் 2017-இல் வந்தது.

இப்போது ஸ்கிரிப்ட் ஆளைப் போல நடிக்க வேண்டியதில்லை. ஏபிஐ என்ற இந்த வழியில் அது நேராகக் கேட்கலாம், ஸ்விட்சும் நேராகப் பதில் சொல்லும். அந்த நேர்ப்பேச்சு எங்கே அறுந்துபோகிறது என்று தேடுவதே பல ஆண்டுகளாக என் பிழைப்பு. இரவுப் பணியில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணா, ஸ்விட்ச் ஏபிஐ டவுன்.”

“டவுன்னா? பதிலே வரலையா, எரர் வருதா, இல்ல ஓகேன்னு வந்தும் வேலை நடக்கலையா?”

“ஸ்கிரிப்ட் ஃபெயில்னு காட்டுதுண்ணா.”

“ஸ்கிரிப்ட் சொல்றத விடு தம்பி. ஸ்விட்ச் என்ன சொல்லுச்சு?”

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலைக் கையில் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நமக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் பலர் நிற்கிறார்கள். நம் ஸ்கிரிப்ட் ஒரு பைத்தான் நூலகத்தை அழைக்கிறது; அந்த நூலகம் இன்னொன்றை அழைக்கிறது. ஸ்விட்ச் பத்து வரியில் காரணம் சொல்லியிருக்கும். ஒவ்வொரு முறை கைமாறும்போதும் அது சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ‘செயல் தோல்வி’ என்ற இரண்டு சொல்லாக நம்மிடம் வந்து சேரும். ஆகவே நான் முதலில் செய்வது ஸ்கிரிப்டை ஓரமாக வைப்பதுதான். ரெஸ்ட்கான்ஃப் என்றால் கர்ல் கட்டளையில் அதே கோரிக்கையைக் கையால் அனுப்பிப் பார்ப்பேன். நெட்கான்ஃப் என்றால் எஸ்எஸ்ஹெச்சில் நெட்கான்ஃப் துணைச் சேவையைக் கேட்டு இணைப்பேன். உயிரோடிருக்கும் ஸ்விட்ச் உடனே தன் ‘ஹலோ’ செய்தியை எக்ஸ்எம்எல்லில் திரை முழுக்கக் கொட்டும். அதன் பிறகு ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவேன். முந்தைய கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் வராமல் அடுத்ததற்குப் போவதில்லை. காது கேட்காதவரிடம் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று விசாரித்து என்ன பயன்?

கேட்டதா?

“பிங் போகுதே” என்பது எல்லோரும் காட்டும் முதல் சாட்சி. பிங்குக்குப் பதில் சொல்வது ஸ்விட்சின் இயங்குதளம். ஏபிஐக்குப் பதில் சொல்வது அதன்மேல் ஓடும் தனி நிரல். முன்னது இருந்து பின்னது செத்துப்போயிருக்கலாம். நெட்கான்ஃபுக்கு டிசிபி 830 என்ற எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ரெஸ்ட்கான்ஃப் வழக்கமாக 443-இல் இருக்கும். அந்த எண்ணுக்கே இணைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது தோல்வி எந்த வகை என்பது முக்கியம். உடனே ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்தால் பெரும்பாலும் பாதை சரி, அந்தப் பக்கம் அந்த எண்ணில் யாரும் காத்திருக்கவில்லை. சேவையை இயக்கவே இல்லை, அல்லது அது விழுந்துவிட்டது. காத்திருந்து காத்திருந்து நேரம் கடந்து போனால், நடுவில் ஃபயர்வாலோ அணுகல் பட்டியலோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது, இல்லை பதில் திரும்பி வரும் வழி தொலைந்துவிட்டது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஃபயர்வால் குழுவோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுப்பு வந்த பிறகு அங்கே போயிருக்கவே வேண்டியதில்லை.

டேட்டா சென்டர் ஸ்விட்சுகளில் இன்னொரு பொறி உண்டு. நிர்வாகப் போர்ட்டுக்கென்று தனி ரூட்டிங் டேபிள், அதாவது தனி விஆர்எஃப் வைத்திருப்பார்கள். சில ஸ்விட்சுகளில் எந்த விஆர்எஃபில் ஏபிஐ காத்திருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பொதுவான டேபிளில் காத்திருக்கும். நம் கோரிக்கையோ நிர்வாக டேபிளின் வழியாக வந்து கதவைத் தட்டும். உள்ளே போய்ப் பார்த்தால் ‘சேவை இயங்குகிறது’ என்றே காட்டும். அது உண்மைதான். நாம் தட்டும் வாசலில் அது இல்லை, அவ்வளவுதான்.

இந்த நிலையில் நான் பார்த்ததிலேயே பிடிபடத் தாமதமான பழுது, திறந்து மூடாத அமர்வுகளால் வந்தது. ஒரு தளத்தில் ஏபிஐ சில நாள் நன்றாக ஓடும், பிறகு புது இணைப்பு எதையும் ஏற்காது. சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். அதனால் எல்லோரும் அதையே மருந்தாக வைத்திருந்தார்கள். ஸ்விட்சில் அமர்வுப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, கண்காணிப்பு சர்வரின் முகவரியிலிருந்து பழைய அமர்வுகள் வரிசையாக நின்றன. சர்வரில் அப்படி ஒரு இணைப்பும் இல்லை. நடுவிலிருந்த ஃபயர்வால், பேச்சில்லாமல் கிடந்த இணைப்புகளை இரு பக்கத்துக்கும் சொல்லாமல் தன் நினைவிலிருந்து அழித்திருந்தது. சர்வர் கைவிட்டுப் புதிது தொடங்கியது. ஸ்விட்ச் மட்டும் பழையவற்றுக்காகக் காத்துக்கொண்டே இருந்தது, உச்சவரம்பு நிறையும் வரை. கீப்அலைவ் போட்டு, சும்மா கிடக்கும் அமர்வுக்கு நேர வரம்பு வைத்ததும் தீர்ந்தது. இத்தனை நாளும் வாடிக்கையாளரின் டிராஃபிக்கில் ஒரு பாக்கெட் கூடக் குறையவில்லை. பாக்கெட்டுகளைத் தள்ளுவது வன்பொருள் சிப். ஏபிஐ ஓடுவது பக்கத்திலிருக்கும் சிறிய சிபியு. நடத்துநர் மயங்கிக் கிடந்தாலும் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்தப் பழுது யார் கண்ணிலும் படாமல் நாள்கணக்கில் வளர்கிறது.

ஆளைத் தெரிந்ததா?

இணைப்பு கிடைத்துவிட்டது. அடுத்து இரு தரப்பும் ஒருவரையொருவர் நம்ப வேண்டும். 2021 செப்டம்பரில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8, ஷா-1 அடிப்படையிலான பழைய ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. பாதுகாப்புக்கு அது சரியான முடிவு. ஆனால் ஆட்டோமேஷன் சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்த இடங்களில், அந்தக் கையொப்பம் மட்டுமே தெரிந்த பழைய ஸ்விட்சுகள் ஒரே நாளில் ‘டவுன்’ ஆகின. ஸ்விட்சில் யாரும் கை வைக்கவில்லை. ஆகவே பழி அதன்மேல் விழுந்தது. கையால் எஸ்எஸ்ஹெச் இணைத்துப் பார்த்தால் ‘பொருந்தும் சாவி வகை இல்லை’ என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கும். அந்த நேரத்தில் சர்வர் முழுவதற்கும் பழைய வகையைத் திறந்துவிடும் ஆசை வரும். செய்யக் கூடாது. அந்தக் குறிப்பிட்ட ஸ்விட்சுகளுக்கு மட்டும் தற்காலிகமாக அனுமதித்து, அவற்றின் மென்பொருளை மாற்றும் நாளைக் குறித்துவிட வேண்டும்.

பெயரும் பாஸ்வேர்டும் சரியா என்பதில் 401, 403 என்ற இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 401 என்றால் நீ யாரென்று நிரூபிக்கவில்லை. 403 என்றால் நீ யாரென்று தெரியும், இதற்கு உனக்கு அனுமதி இல்லை. முன்னதில் பாஸ்வேர்டு, ரேடியஸ் அல்லது டகாக்ஸ் சர்வர் பக்கம் போக வேண்டும். பின்னதில் பயனரின் உரிமை நிலையைப் பார்க்க வேண்டும்.

இவை இரண்டும் வெளிப்படையாகச் சொல்லும் மறுப்புகள். சொல்லாத மறுப்பு ஒன்று உண்டு, அதைத்தான் புதியவர்களுக்கு அழுத்திச் சொல்வேன். நெட்கான்ஃபின் அணுகல் கட்டுப்பாட்டு விதிகள் இப்போது ஆர்எஃப்சி 8341-இல் இருக்கின்றன. அதன்படி, ஒரு பயனருக்குப் படிக்க உரிமையில்லாத பகுதியை அவர் கேட்டால் பிழைச்செய்தி வராது. அந்தப் பகுதி விடுபட்ட பதில், வெற்றி என்ற முத்திரையோடு வரும். ரகசியம் ஒன்று இருக்கிறது என்ற தகவலும் வெளியே போகக் கூடாது என்பது அந்த விதியின் நியாயம். ஆனால் புதுக் கணக்கில் ஓடும் ஸ்கிரிப்ட் அதை ‘ஒன்றும் இல்லை’ என்று படிக்கும். தணிக்கைக்காக எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், ஸ்விட்சுகளில் உள்ளூர்ப் பயனர் கணக்குகளே இல்லை என்று அறிக்கை கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். அதே கோரிக்கையை நிர்வாகியின் கணக்கில் அனுப்பினால் பட்டியல் முழுதாக வந்தது. வெற்றுப் பதில் எப்போது வந்தாலும், அது இல்லாமையா மறைப்பா என்று இன்னொரு கணக்கால் சோதித்துவிட்டே நம்ப வேண்டும். இதைச் செய்யாமல், இல்லாததைச் சேர்க்கும் ஸ்கிரிப்ட் எழுதினால் அது இருப்பதன்மேலேயே எழுதப் பார்க்கும்.

சொன்னது புரிந்ததா?

என் அனுபவத்தில் பழுதுகள் அதிகம் குடியிருப்பது இங்கேதான். பேச்சைத் தொடங்கும்போது நாமும் ஸ்விட்சும் ‘ஹலோ’ செய்தியில் அவரவர் திறன்களைச் சொல்லிக்கொள்கிறோம். நெட்கான்ஃப் 1.0-இல் ஒவ்வொரு செய்தியும் ]]>]]> என்ற ஆறு குறியோடு முடியும். 1.1-இல் அந்த முறை மாறி, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதி அனுப்பும் முறை வந்தது. இரு தரப்பும் 1.1 தெரியும் என்று சொல்லிவிட்டால், ஹலோவுக்குப் பிறகு துண்டு முறைதான். பழைய உதாரணத்தைப் பார்த்துக் கையால் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், ஹலோவில் 1.1 என்று அறிவித்துவிட்டு அந்த ஆறு குறிக்காகக் காத்திருந்தது. அது வரவே வராது. வெளியிலிருந்து பார்த்தால் ஸ்விட்ச் தொங்கிவிட்டது போலத் தோன்றும்; உண்மையில் இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்தன. ஹலோவில் 1.0 மட்டும் சொல்லிப் பார்த்ததும் பேச்சு ஓடத் தொடங்கியது, காரணமும் வெளிவந்தது.

ரெஸ்ட்கான்ஃபில் அடிக்கடி வருவது 404. ஸ்விட்சின் போர்ட்டுகளுக்கு 1/0/1 என்பது போன்ற பெயர்கள் உண்டு. முகவரியில் சாய்கோடு என்றால் அடுத்த படிக்குப் போ என்று பொருள். பெயரை அப்படியே முகவரியில் ஒட்டினால் ஸ்விட்ச் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் படித்து, அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். போர்ட் கண்ணெதிரே இருக்கும். ஏபிஐ இல்லை என்னும். சாய்கோட்டுக்குப் பதில் %2எஃப் என்ற குறியீட்டு வடிவத்தை எழுத வேண்டும். 415 வந்தால் வேறு கதை: அனுப்பும் தகவல் எந்த வகை என்று தலைப்பில் சரியாகச் சொல்லவில்லை. யாங் தகவலுக்கென்று வகுத்த ஜேசன் வகையைக் குறிப்பிட வேண்டும். வெறும் ஜேசன் என்று சொன்னால் சில ஸ்விட்சுகள் ஏற்காது.

எண்கள் தரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஒரு போர்ட்டில் எத்தனை பைட் போயிற்று என்ற கணக்கு 64 பிட் எண். யாங் தகவலை ஜேசனில் எழுதும் விதியான ஆர்எஃப்சி 7951, இப்படிப்பட்ட எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்துச் சரமாகத்தான் அனுப்ப வேண்டும் என்கிறது. ஜேசனைப் படிக்கும் பல நிரல்கள் எண்ணை மிதவைப் புள்ளி வடிவில் வைத்துக்கொள்கின்றன. அதில் இரண்டின் 53-ஆம் அடுக்குக்கு மேல், அதாவது சுமார் 9,007 லட்சம் கோடிக்கு மேல் முழுத் துல்லியம் கிடையாது. 100 ஜிகாபிட் போர்ட் ஒன்று முழு வேகத்தில் ஓடினால், அதன் பைட் கணக்கு எட்டு நாளைக்குச் சற்றுமேல் அந்த எல்லையைக் கடந்துவிடும். ஆகவே விதி சரி. ஆனால் அதை அறியாத எச்சரிக்கை நிரல், சரத்தையும் சரத்தையும் ஒப்பிடும். எழுத்து வரிசையில் 98000 என்பது 100000-ஐ விடப் பெரியது, ஏனென்றால் 9 என்ற எழுத்து 1-க்குப் பின்னால் வருகிறது. நள்ளிரவில் காரணமே இல்லாமல் அலறி, உண்மையான நெரிசலின்போது வாய் திறக்காத எச்சரிக்கைகளின் பின்னால் இந்தச் சிறு மேற்கோள் குறி இருந்ததுண்டு.

ஒன்றுக்கும் பலவுக்கும் உள்ள வேறுபாடும் இதே குடும்பம். எக்ஸ்எம்எல்லில் பட்டியலுக்கென்று தனி அடையாளம் கிடையாது. ஒரே பெயருள்ள உறுப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதுவே பட்டியல். அதைப் பைத்தானுக்கு மாற்றித் தரும் சில நூலகங்கள், உறுப்பு ஒன்றே ஒன்று இருந்தால் பட்டியலாகத் தராமல் தனி உருப்படியாகத் தந்துவிடும். இரண்டு அண்டை ஸ்விட்சுகள் இருக்கும் இடத்தில் எல்லாம் ஓடும் ஸ்கிரிப்ட், ஒரே அண்டை இருக்கும் கிளையில் உடையும். “அந்த பிராஞ்ச் ஸ்விட்ச் மட்டும் பிரச்சினைண்ணா” என்று வந்தால், நான் அங்கே எத்தனை அண்டைகள் என்று கேட்பேன்.

பெயர்வெளியைத் தப்பாக எழுதிய வடிகட்டிக்கும் பெரும்பாலும் பிழை வராது, வெறுமைதான் வரும். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது யாங் வரையறையின் தேதி மாறி, ஒரு புலம் வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். ஆகவே புதுப்பிப்பதற்கு முன்னும் பின்னும் ஸ்விட்சின் ஹலோவையும் அது தரும் யாங் பட்டியலையும் சேமித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் குழுவில் வழக்கமாகிவிட்டது. மாற்றத்தால் எது உடையும் என்று மாற்றத்துக்கு முன்பே சோதனை ஸ்விட்சில் தெரிந்துவிடும்.

ஒப்புக்கொண்டதா?

ஸ்விட்சுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் செய்ய மறுக்கிறது. இங்கே நெட்கான்ஃப் எழுதியவர்களை நான் மனதாரப் பாராட்டுவேன். மறுப்புக்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். பிழை எந்த அடுக்கில் நேர்ந்தது, அதன் பெயர் என்ன, எவ்வளவு கடுமையானது, தகவல் மரத்தில் எந்த இடத்தைப் பற்றியது என்று தனித்தனிப் புலங்கள் உண்டு. நூலகம் சுருக்கித் தூக்கி எறிவது இவற்றைத்தான்.

ஒரு தளத்தில் இரவு நேர மாற்றங்கள் சில நாள் தோற்றன, சில நாள் நடந்தன. ஸ்கிரிப்டின் பதிவில் ‘பூட்ட முடியவில்லை’ என்பது மட்டும் இருந்தது. மாற்றம் செய்யும்போது வேறு யாரும் குறுக்கே வராமல் அமைப்பைப் பூட்டிக்கொள்வது நெட்கான்ஃப் முறை. வேறொரு ஸ்கிரிப்ட் பூட்டியிருக்கிறது என்று நினைத்து, எல்லோரும் தங்கள் தங்கள் நிரலைச் சந்தேகித்தார்கள். மூலப் பதிலை எடுத்தோம். பூட்டு மறுக்கப்பட்டால், பூட்டை வைத்திருக்கும் அமர்வின் எண்ணையும் ஸ்விட்ச் தர வேண்டும் என்பது விதி. எங்களுக்கு வந்த எண் சுழியம். நெட்கான்ஃப் அல்லாத ஏதோ ஒன்று பூட்டை வைத்திருக்கிறது என்று ஆர்எஃப்சி 6241 அதற்குப் பொருள் சொல்கிறது. ஆக, அது ஸ்கிரிப்ட் இல்லை. கட்டளைத் திரையில் இருக்கும் மனிதர். பகல் பணியில் யாரோ, பிறரை மாற்றவிடாத தனி அமைப்பு நிலைக்குள் போய், திரையை மூடாமல் வீட்டுக்குப் போவதுதான் காரணம். கட்டளைத் திரைக்கும் சும்மா இருக்கும் நேர வரம்பு வைத்தோம். நெட்கான்ஃபில் ஒரு அமர்வைக் கொல்லும் கட்டளை உண்டு, ஆனால் சுழியத்தைக் கொல்ல அதனால் முடியாது. முடிந்த இடத்திலும், பூட்டியிருப்பவர் யார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று விசாரிக்காமல் கொல்லக் கூடாது.

இன்னொரு பழுது, எங்கள் குழுவில் பேய் என்றே பேர் வாங்கியது. செய்த மாற்றம் ஸ்விட்சில் ஏறும்; எல்லோரும் பார்ப்பார்கள்; கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். யாரோ திரும்ப அழிக்கிறார்கள் என்று பயனர் பதிவுகளையெல்லாம் புரட்டினார்கள். ஏறிய நேரத்தையும் மறைந்த நேரத்தையும் எழுதிக் கழித்துப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் 600 விநாடி. அந்த எண் எனக்குப் பழக்கமானது. நெட்கான்ஃபில் உறுதிசெய்ய வேண்டிய கமிட் என்று ஒரு வசதி உண்டு. மாற்றத்தைப் போடு, இத்தனை நேரத்துக்குள் நான் உறுதி சொல்லாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடு. நேரம் சொல்லாவிட்டால் 600 விநாடி. தப்பான மாற்றத்தால் ஸ்விட்சையே தொட முடியாமல் போகும் ஆபத்திலிருந்து காக்கும் அருமையான ஏற்பாடு அது. எங்கள் கருவி மாற்றத்தைப் போட்டுவிட்டு, ஒரு சர்வரைத் தொட்டுப் பார்த்து, பதில் வந்தால் உறுதி சொல்லும்படி எழுதப்பட்டிருந்தது. அந்த சர்வரை வேறு குழு ஓய்வுபெறச் செய்துவிட்டது. சோதனை என்றைக்கும் தேறாது, உறுதியும் போகாது. ஸ்விட்ச் தன் கடமையை விநாடி தவறாமல் செய்திருந்தது. நேரத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் மட்டும் இல்லாவிட்டால், நாங்கள் மனிதர்களைச் சந்தேகித்துக்கொண்டே இருந்திருப்போம். அது ஒரு குழுவுக்குச் சின்னத் தீங்கு அல்ல.

செய்ததா?

ரெஸ்ட்கான்ஃபில் 204 வந்தது, நெட்கான்ஃபில் ஓகே வந்தது. பலருடைய ஸ்கிரிப்ட் இங்கே முடிந்துவிடும். அந்த ஓகேக்கு, உன் கோரிக்கையைப் பதிந்துகொண்டேன் என்பதே உறுதியான பொருள். வன்பொருளில் அது இறங்கிவிட்டதா என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

அணுகல் விதிகள் சிப்பில் டிகாம் என்ற நினைவகத்தில் உட்காருகின்றன. அதன் அளவு கொஞ்சம், அதைப் பல வசதிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. இடம் தீர்ந்த பிறகும் அமைப்பை ஏற்றுக்கொண்டு, தோல்வியைத் தன் பதிவேட்டில் மட்டும் எழுதி வைக்கும் ஸ்விட்சுகள் உண்டு. ஏபிஐயைக் கேட்டால் விதி இருக்கிறது என்னும். தடுக்க வேண்டிய பாக்கெட் மட்டும் தாராளமாகப் போகும். எழுதச் சொன்ன அமைப்பையும் உண்மையில் நடப்பில் இருக்கும் நிலையையும் தனித்தனிக் களஞ்சியங்களாகப் பார்க்கும் ஏற்பாட்டை 2018-இல் ஆர்எஃப்சி 8342 வகுத்துத் தந்தது. 2002-இல் நெட்வொர்க்கை நடத்துகிறவர்கள் வைத்த கோரிக்கைக்கு முழுமையான பதில் என்று அதைச் சொல்லலாம். ஆகவே மாற்றத்தை எழுதிய கையோடு, எழுதியதைத் திரும்பப் படிப்பது போதாது. நடப்பு நிலையைப் படிக்க வேண்டும். போர்ட் எழுந்ததா, முகவரி அட்டவணையில் பதிவு வந்ததா, கணக்கு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓடும் அமைப்பு வேறு, மறுதொடக்கத்தில் ஏறும் அமைப்பு வேறு என்று வைத்திருக்கும் ஸ்விட்சுகளும் உண்டு. ஏபிஐயால் செய்த மாற்றத்தைத் தொடக்க அமைப்புக்கும் நகலெடுத்தால்தான் நிற்கும். இல்லாவிட்டால் மாதங்கள் கழித்து ஒரு மின்தடைக்குப் பின் அந்த மாற்றம் மறைந்திருக்கும். அன்று பணியில் இருப்பவருக்கு அப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது.

இந்த ஐந்து கேள்விகளுக்கும் வேண்டிய விவரங்களை இப்போது எங்கள் டிக்கெட் படிவத்திலேயே கேட்கிறோம். ‘ஏபிஐ டவுன்’ என்று எழுதினால் படிவம் ஏற்காது. அனுப்பிய கோரிக்கை ஒரு எழுத்து மாறாமல், பாஸ்வேர்டை மட்டும் நீக்கி, ஸ்விட்ச் தந்த பதில் ஒரு எழுத்து மாறாமல், நேரம், ஸ்விட்சின் மென்பொருள் பதிப்பு, யாங் வரையறையின் தேதி. இவ்வளவும் இருந்தால் பல டிக்கெட்டுகள் என்னிடம் வருவதற்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. எழுதுகிறவரே பதிலைப் படித்துவிடுகிறார்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் ஆர்எஃப்சி 6241-இன் முதல் பின்னிணைப்பைப் படிக்கக் கொடுக்கிறேன். பிழைகளின் பட்டியல் அது, சில பக்கம்தான். ஒவ்வொரு பிழைக்கும் என்ன பெயர், கூடவே என்ன தகவல் வர வேண்டும் என்று நேராக எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிள்ளைக்குச் சிவப்பு எழுத்தைக் கண்டு பதற்றம் வருவதில்லை. தங்கள் நிரலில் பிழையைச் சுருக்காமல் முழுதாகப் பதிவு செய்யவும் அவர்கள் பழகிவிடுகிறார்கள். ஆட்டோமேஷன் வந்ததால் நெட்வொர்க்காரனின் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். கட்டளை தட்டும் வேலை போகட்டும். ஆயிரம் ஸ்விட்சுகளில் ஒரே நொடியில் தவறு செய்யக்கூடிய கருவிகளை நாம் கையில் எடுத்திருக்கிறோம். அவற்றை நம்பி ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் ஓடுகின்றன. ஸ்விட்ச் சொல்வதைப் பொறுமையாக, முழுதாகப் படிக்கத் தெரிந்தவர்களின் தேவை இப்போதுதான் கூடியிருக்கிறது.